ஆறு வார விடுப்பில் மலை வைத்தியம் கற்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையில் ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பு கிடைத்திருக்கிறது. மலையும் மழைக்காடும் உள்ள இடத்துக்குப் போய், பழங்குடி மக்களின் வைத்தியத்தை அவர்களிடமே கற்க ஆசை. பெருவுக்குப் போவதா, பொதிகை மலைக்குப் போவதா, அசல் எது போலி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு பின்குறிப்பு: சிங்கப்பூர் செம்பவாங்கில் இருந்த உங்கள் பாட்டி தொட்டியில் வளர்த்த ஏதோ ஓர் இலையை வதக்கி முட்டி வீக்கத்துக்குக் கட்டுவார், அவர் போன பிறகு அந்த இலையின் பெயர்கூட வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்தப் பின்குறிப்பில்தான் கேள்வியே இருப்பதாகப் படுகிறது. இந்த மாதிரி அறிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போகிறது, வெளியாளுக்கு அது வாய்க்குமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருந்தாளர். இங்கே சிங்கப்பூரில் மருத்துவமனை மருந்தகத்தில் 26 ஆண்டு வேலை பார்த்தேன். 2008இலிருந்து பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம் உள்ள, பொதிகை மலைப் பழங்குடியினரான காணிக்காரர் குடியிருப்பு ஒன்றுக்கும், அதன் பிறகு மலேசியாவின் கிளந்தானில் தெமியார் என்ற பழங்குடியினரின் கிராமம் ஒன்றுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறேன். பெருவுக்குப் போனதில்லை. அந்த நாட்டு மருந்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மருந்தியல் படிப்பிலிருந்தும் நம் ஊர்ச் சட்டத்திலிருந்தும் வருவது. நான் வைத்தியன் இல்லை. யாருக்கும் சீடனும் இல்லை. இத்தனை முறை போய் வந்த பிறகும் என்னை விருந்தாளி என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

ஆறு வாரத்தில் வைத்தியம் கற்க முடியாது. ஒரு வைத்தியர் எப்படிப் பார்க்கிறார், எப்படி முடிவெடுக்கிறார் என்பதில் கொஞ்சம் கற்கலாம். அதுவே பெரிய விஷயம். எங்கே போவது என்றால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் உங்களால் திரும்பிப் போக முடிகிற இடத்துக்குப் போங்கள். நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

பெருவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பயண விளம்பரத்தில் ‘தாய்ச் செடிச் சடங்கு’ என்று போட்டிருப்பது அயாவாஸ்கா. ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்துப் பல மணி நேரம் காய்ச்சும் கஷாயம் அது. இலையில் இருப்பது டிஎம்டி என்ற, மனமயக்கம் தரும் பொருள். அதைத் தனியாகக் குடித்தால் குடலும் கல்லீரலும் உடைத்துவிடும், ஒன்றும் ஆகாது. கொடியில் இருக்கும் ஹார்மின் போன்ற பொருள்கள் அப்படி உடைக்கிற நொதியைத் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் டிஎம்டி மூளைக்குப் போய்ச் சேர்கிறது. காட்டில் உள்ள ஆயிரக்கணக்கான செடிகளில் இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்த மக்களை நான் மனதார வணங்குகிறேன். ஆனால் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதே நொதித் தடையோடு அந்த வகை மாத்திரைகள் சேர்ந்தால் செரோட்டோனின் அளவு மீறிப்போகும். கடும் காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே வாங்கலாம். ‘ஒரு வாரம் முன்னாடி நிறுத்தினால் போதும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃப்ளுவாக்ஸ்டின் போன்ற மாத்திரை உடம்பைவிட்டு முழுதாக வெளியேற ஐந்து வாரம்கூட ஆகும். தவிர, ஒரு பயணத்துக்காக அந்த மருந்தை நீங்களாக நிறுத்துவதே ஆபத்து. உங்கள் மருத்துவரிடம் பேசாமல் ஒரு மாத்திரையைக்கூட விட வேண்டாம்.

அடுத்தது சட்டம். டிஎம்டி சிங்கப்பூரில் ‘ஏ’ வகைப் போதைப்பொருள். பெருவில் அயாவாஸ்காவின் மரபு அறிவை 2008இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்தார்கள். ஆனால் நம் சட்டம் நம்மோடு கூடவே வருகிறது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே உட்கொண்ட மாதிரியே குற்றம். ‘அங்கே அனுமதி இருக்கிறது’ என்பது சாங்கி விமான நிலையத்தில் செல்லாது. மெக்சிகோவின் காளான் சடங்குகளுக்கும் இதே கதைதான். அப்புறம், பெருவின் அமேசான் பகுதிக்கு எந்தக் காரணத்துக்காகப் போனாலும் புறப்படுவதற்கு 10 நாளாவது முன்பு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்தக்கூடும்.

அங்குள்ள ஷிப்பிபோ மக்களில் ஒருவர் வைத்தியராக வேண்டுமானால் உப்பு, சர்க்கரை, உடலுறவு எல்லாவற்றையும் விட்டு, ஒவ்வொரு செடியோடும் மாதக்கணக்கில் தனித்திருந்து விரதம் காக்க வேண்டும். அப்படி ஆண்டுக்கணக்கில் போகும். அதைப் பத்து நாள் தொகுப்பில் ‘சான்றிதழுடன்’ தருகிறோம் என்பவர் எதை விற்கிறார் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, பொதிகைக்கு வருவோம். முதல் தடவை போனபோது கையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பெயர், பயன், அளவு என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டுத் தயாராகப் போயிருந்தேன். அங்கே வைத்தியம் பார்ப்பவரைப் பிலாத்தி என்பார்கள். நான் பார்த்த பெரியவர் மூன்று நாள் என்னிடம் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விறகு எடுத்தார், மரவள்ளி பிடுங்கினார், பேரனோடு ஆற்றுக்குப் போனார். நானும் கூடவே போனேன். நான்காம் நாள் பாதையோரத்தில் ஒரே மாதிரி இருந்த இரண்டு செடிகளிலிருந்து செடிக்கொரு இலை கிள்ளிக் கசக்கி என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். மோந்து பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். கையை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பேசாமல் நடந்தார். பாறை ஏறி இறங்கும் வரை இரண்டு கையையும் மூடியபடியே நடந்தேன். அப்புறம் “இப்பம் பாரு தம்பி” என்றார். இடது கையில் மணமே இல்லை. வலது கையில் மூக்கைத் துளைக்கிற காரம். “இது அது இல்ல” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். நோட்டில் எந்தப் பத்தியில் அதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நாள் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று தாய் கூட்டி வந்தார். பெரியவர் காய்ந்த பட்டையைக் குழந்தை முன்னால் வைத்து, அதன் கையாலேயே ஒரு பிடி எடுக்க வைத்தார். தாய்க்கு என்றால் தாயின் பிடி. மருந்தை எந்தக் கை குடிக்கிறதோ அந்தக் கையே அளக்க வேண்டும் என்றார். மருத்துவமனையில் குழந்தைகளுக்கு எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று தினமும் கணக்குப் போட்ட எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. அதே கணக்கைத்தான் அவரும் போட்டார், தராசில்லாமல். அந்தப் பட்டையின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அது சொல்ல எனக்கு உரிமையுள்ள பெயர் இல்லை.

ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்டால், அந்த மலையிலேயே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 1987இல் கேரளப் பக்கத்து அகத்தியர் மலைக்குத் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்று ஏறியது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. தயங்கித் தயங்கித்தான் ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார்கள்: 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணி மக்களுக்கு. அந்தப் பணத்தைப் பெற 1997இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளை பதிவானது. பலனைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு உலகமே அதை முன்மாதிரியாகக் காட்டியது, புஷ்பாங்கதனுக்கு 2002இல் ஐநா சார்ந்த பரிசும் கிடைத்தது. ஆனால் வைத்தியம் பார்க்கும் பிலாத்திகளிலேயே சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை விற்றீர்கள் என்று எதிர்த்தார்கள். செடியைப் பயிரிட்டுக் கொடுப்பதிலும் வனத்துறையோடு சிக்கல் வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாட்டிலேயே இத்தனை காயம். நாம் நோட்டோடு போய் நின்றால் அவர்களுக்கு என்னென்ன நினைவு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெக்சிகோவில் நடந்தது இன்னும் கொடுமை. வாவுத்லா என்ற மலையூரில் மரியா சபினா என்ற மசடெக் வைத்தியர் 1955இல் ஓர் அமெரிக்கரைத் தன் இரவுக் காளான் சடங்கில் உட்கார அனுமதித்தார். 1957இல் அந்த அமெரிக்கர் அதை ஒரு பெரிய பத்திரிகையில் எழுதினார். பிறகு கூட்டம் கூட்டமாக வெளியாட்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, ஊராரே சபினா மேல் கோபம் கொண்டார்கள், அவர் வீடு எரிந்தது.

இந்தியாவில் இப்போது சட்டமும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிர்ப் பன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் அங்குள்ள தாவரத்தையோ அது சார்ந்த மரபறிவையோ ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ பெற வேண்டுமானால் சென்னையில் உள்ள தேசிய உயிர்ப் பன்மை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். நம் முகத்தைப் பார்த்தால் உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கலாம், பேசுவதும் தமிழ்தான்; ஆனால் கையில் இருப்பது சிவப்பு நிறச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்பதை மறக்கக் கூடாது. காணிக் குடியிருப்புகள் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன, அதற்கு வனத்துறை அனுமதியும் தனி. நான் முதலில் போனது அங்கே பல ஆண்டு பழகிய ஒரு தாவரவியல் பேராசிரியரோடுதான். நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது, தட்டவும் கூடாது. கேரளப் பக்கம் போனாக்காட்டிலிருந்து அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை நடத்தும் மலையேற்றம் வேறு விஷயம். 1,868 மீட்டர் உச்சி, அருமையான காடு, கட்டாயம் போங்கள். ஆனால் அது நடை. அதை வைத்தியப் பயிற்சி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சித்த மருத்துவமும் இதுவும் ஒன்றா என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். இல்லை. உறவு உண்டு, கொடுக்கல் வாங்கல் உண்டு. சித்தம் ஏட்டில் எழுதப்பட்டு, கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்குகிற துறை. 1964இலேயே பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. உங்களுக்கு முறையாகக் கற்க வேண்டும் என்றால் அதுதான் வழி. காணியின் வைத்தியம் வாயிலும் கையிலும் மூக்கிலும் இருக்கிறது. அதில் கொக்கரை இசைத்துப் பாடும் சாத்துப்பாட்டும் மருந்தில் சேர்த்தி. பாட்டை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றால் பாதியைத்தான் எடுக்கிறீர்கள்.

இந்த வைத்தியம் பலிக்குமா என்பதற்கு என்னால் முடிந்த நேர்மையான பதில் இது. தின்றவுடன் தெரிகிற விஷயங்களில் மரபு கூர்மையானது. எந்தக் கிழங்கு நஞ்சு, எத்தனை முறை கழுவினால் நஞ்சு போகும், எது பேதியை நிறுத்தும், எது புண்ணை ஆற்றும் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பக்குவத்திலும் அப்படித்தான். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூ, செடியைச் சூடுபடுத்தியபோது பலன் போனதைப் பார்த்துவிட்டு, 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங் ‘நீரில் ஊறவைத்துப் பிழி’ என்று எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டார். அதற்கு 2015இல் நோபெல் பரிசு. ஆனால் பத்து ஆண்டு கழித்து வருகிற கெடுதலை எந்த மரபாலும் கண்ணால் பார்க்க முடியாது. பெருமருந்துக்கொடி என்கிற ஈசுவரமூலியை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்புக்கடிக்குப் பல மலைகளில் கொடுக்கிறார்கள். அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைச் சுருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவரும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. சீனப் பெயர் ஒத்திருந்ததால் ஒரு வேருக்குப் பதில் இந்தக் குடும்பத்து வேர் கலந்துவிட்டது. நம் சுகாதார அறிவியல் ஆணையம் இதை மருந்துகளில் தடை செய்திருக்கிறது. கொடுத்த வைத்தியர் பொய் சொல்லவில்லை. கடிபட்டவர் பிழைத்ததைத்தான் அவர் பார்த்தார். பத்து ஆண்டு கழித்துச் சிறுநீரகம் போனதைப் பார்க்க வழியில்லை. இன்னொன்று, பல கடிகளில் நஞ்சே ஏறுவதில்லை. எதுவும் கொடுக்காவிட்டாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கேரளத்தின் கல்லார் காட்டில் நஞ்சு வைத்தியத்துக்குப் பேர்போன காணிப் பாட்டி லட்சுமிக்குட்டிக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் ஞாபகத்தில் வைத்திருக்கும் மருந்துகள் நூற்றுக்கணக்கில். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனாலும் மலையில் உங்களைப் பாம்பு கடித்தால் விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நீங்கள் கேட்காத ஓர் இடத்தையும் சொல்கிறேன். நம்மிடமிருந்து மிகப் பக்கத்தில் இருக்கும் மழைக்காட்டு மக்கள் மலேசியாவின் ஓராங் அஸ்லி. கிளந்தான், பேராக், பகாங் மலைகளில் இருக்கும் தெமியார்களின் வைத்தியத்தில் பாட்டுதான் முதல் மருந்து. வைத்தியருக்குக் கனவில் ஒரு மலையோ மரமோ பாட்டுக் கொடுக்கும். அவர் ஒரு வரி பாட, பெண்கள் மூங்கில் குழாய்களை மரக்கட்டையில் இடித்துத் தாளம் போட்டு எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். இருட்டில் அந்தத் தாளம் தரை வழியாக முதுகுத்தண்டில் ஏறும். புட்டியில் அடைத்துக் கொண்டுவர அங்கே எதுவும் இல்லை என்பதாலேயே உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்கிறேன். நம்மில் பலருக்கு மலாய் தெரியும், அது பெரிய வசதி. ஜாக்கோவா என்ற அரசுத் துறையின் அனுமதியும் கிராமத் தலைவரின் சம்மதமும் வாங்க வேண்டும். தட்டம்மை, சளிக்காய்ச்சல் ஊசிகளைப் போட்டுக்கொண்டு போங்கள், முதலில் அவர்கள் பாதுகாப்புக்காக. 2019இல் குவா மூசாங் பக்கம் கோல கோ கிராமத்தில் ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவினரான பாத்தேக் மக்கள் பலர் இறந்துபோனார்கள். தட்டம்மை என்று பின்னர் உறுதியானது. உடம்பு சரியில்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நோய்க்கு அவரிடம் வருகிறார்களா, இல்லை விமானத்தில் வந்தவர்கள் மட்டும்தானா? ‘இது என்னால் முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று எப்போதாவது சொல்கிறாரா? நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை விடச் சொல்கிறாரா? என் பெரியவர் ஒரு சர்க்கரை நோயாளியின் காலைப் பார்த்த உடனே அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பணம் வாங்குவதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, நேரத்துக்குக் கூலி கொடுப்பதுதான் நியாயம்.

ஆறு வாரத்தையும் ஒரே மூச்சில் செலவழிக்காமல் பிரித்துக்கொள்ள முடியுமா என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். இரண்டு வாரமாக மூன்று ஆண்டு போனால் மூன்றாவது ஆண்டு உங்களை அடையாளம் தெரியும். பாடம் அப்போதுதான் ஆரம்பிக்கும். அதற்கு முன் நம் பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், இருக்கும் மூலிகைத் தோட்டத்துக்கு நாலைந்து ஞாயிறு போய் வாருங்கள். உடம்பின் உறுப்புகள் வாரியாக 400க்கும் மேற்பட்ட செடிகளை வைத்திருக்கிறார்கள். தென்கிழக்காசிய மரபில் புழங்கியவை. பெயர்ப்பலகையைக் கையால் மறைத்துக்கொண்டு இலையைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். பறிக்கக் கூடாது, கசக்கவும் கூடாது. கண்ணுக்கு மட்டும் பயிற்சி.

கடைசியாகப் பாட்டியின் இலை. விரல் மாதிரி மூன்றாகப் பிரிந்திருக்கும், அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை, கசக்கினால் கற்பூரம் போல ஒரு நெடி, ஊதாப் பூ என்று எழுதியிருக்கிறீர்கள். அது நொச்சி என்பது கிட்டத்தட்ட நிச்சயம். வீக்கத்துக்கு வதக்கிக் கட்டும் வழக்கமும் பொருந்துகிறது. ஆனால் நொச்சியில் இரண்டு உண்டு. ஊரிலிருந்து வந்த நொச்சி ஒன்று, இந்தக் கடலோரத்தில் தானாகவே வளர்கிற, மூன்றிலை மட்டும் கொண்ட நொச்சி இன்னொன்று. மூன்றில் நடு இலைக்குத் தனிக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் முதலாவது; காம்பே இல்லாமல் ஒட்டினாற்போல் இருந்தால் இரண்டாவது. பாட்டியின் தொட்டி இப்போது உங்கள் அத்தை வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்த நடு இலையின் அடியைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.